நர்சிங் ஹோமில் நர்சு எங்கே?

ஊருக்கு ஊர் நர்சிங் ஹோம் முளைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒன்று, ரைஸ் மில் தெருவில் ஒன்று, பழைய லாட்ஜை வாங்கி வெள்ளையடித்து இன்னொன்று. வாசலில் பிள்ளையார், உள்ளே நுழைந்ததும் பணம் கட்டும் ஜன்னல். பெயர்ப் பலகையில் கொட்டை எழுத்தில் ‘நர்சிங் ஹோம்’ என்று எழுதியிருக்கிறது.

இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? நர்சுகள் இருந்து நோயாளியைப் பராமரிக்கும் இல்லம் என்று அர்த்தம். டாக்டர் வருவார், பார்ப்பார், போவார். நர்சு இருப்பார். பெயரிலேயே அவர்தான் இருக்கிறார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மாடி வார்டில் போய்த் தேடினால் மட்டும் அவரைக் காணோம்!

இதைச் சொன்னால் நிர்வாகத்தாருக்குக் கோபம் வருகிறது. சுவரைப் பாருங்கள் என்கிறார்கள். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பதிவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறைச் சான்றிதழ், மருத்துவக் கழிவை அகற்ற ஏற்பாடு செய்த சான்றிதழ், ஸ்கேன் மெஷினுக்குத் தனி, எக்ஸ்ரேக்குத் தனி. எல்லாம் வேண்டியவைதான், ஒன்றைக்கூட நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காகிதம் எழுந்து வந்து மூச்சுத் திணறும் கிழவிக்கு ஆக்சிஜன் வைக்குமா? தையல் பிரிந்து ரத்தம் கசியும் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து டாக்டருக்குப் போன் செய்யுமா? அதற்கு ஆள் வேண்டும். படித்த ஆள், விழித்திருக்கிற ஆள், போதுமான ஆள் வேண்டும்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 1949-லேயே பம்பாய் மாகாணத்தில் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டம் வந்தது. தகுதி பெற்ற டாக்டரோ நர்சோ அந்த இல்லத்திலேயே தங்கிப் பொறுப்பு வகிக்க வேண்டும். நோயாளிகளைக் கவனிக்கும் சிப்பந்திகளில் தகுதி பெற்ற நர்சுகள் தக்க விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1953-ல் டில்லிக்கும் ஒரு சட்டம் வந்தது. ‘தக்க விகிதம்’ என்ற இரண்டு வார்த்தையில்தான் சூட்சுமம் இருக்கிறது. தக்கது எது, தகாதது எது என்று யார் சொல்வது? நர்சிங் ஹோம் முதலாளியிடம் கேட்டால் ஒரு நர்சே தக்க விகிதம்தான். அந்த ஒருவரும் லீவில் போனால் இன்னும் தக்கது, சம்பளம் மிச்சம்!

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் ருசிகரமானது. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் நிறைவேறியது. சட்டத்தை அமல் நடத்த விதிகள் வேண்டுமல்லவா? விதிகள் 2018-ல் வந்தன. இருபத்தோரு வருஷம்! சட்டம் பிறந்த அன்று பிறந்த ஒரு பெண் குழந்தை வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, நர்சிங் படித்து வெளியே வரும் வரையில் அந்தச் சட்டம் தொட்டிலில் தூங்கிக் கொண்டிருந்தது. கழக ஆட்சிகள் மாறி மாறி வந்தன. தொட்டிலை ஆட்டினார்களே தவிர, குழந்தையை யாரும் எழுப்பவில்லை.

சரி, எத்தனை நர்சு வேண்டும்? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குக் கொடுத்திருக்கிறது. போதனா மருத்துவமனையல்லாத இடங்களில் பொது வார்டுக்கு 5 படுக்கைக்கு ஒரு நர்சு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் படுக்கைக்கு ஒருவர். இதற்கு மேல் விடுப்புக்காக நூற்றுக்கு 30 பேர் கூடுதல். மில் தொழிலாளிக்கு இந்தக் கடைசி விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதிலி இல்லாமல் ஷிப்ட் ஓடுமா? ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அவன் பார்த்த ரிங் பிரேமையும் பக்கத்தில் நிற்பவன் தலையில் கட்டினால் என்ன ஆகும்? நூல் அறும். மில்லில் அறுந்த நூலை முடி போட்டுவிடலாம். வார்டில் அறுவது உயிர்.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நர்சு எப்போதும் வார்டில் இருக்க வேண்டும். நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் வாரத்தில் 6 ஷிப்ட் பார்த்தால் மூன்றரை ஆள் வேண்டும். அதன் மேல் விடுப்புக்கு 30 சதவீதம் சேர்த்தால் நாலரை. ஆகவே 20 படுக்கை நர்சிங் ஹோமில் எந்த நேரமும் இரண்டு நர்சுகள் இருக்க, சம்பளப் பட்டியலில் 9 பேர் இருக்க வேண்டும். உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நாலு பேரை வைத்துக் கொண்டு ‘இருபத்து நாலு மணி நேர சேவை’ என்று போர்டு மாட்டியிருந்தால், அந்த நாலு பேரும் பன்னிரண்டு மணி, பதினாறு மணி என்று நிற்கிறார்கள் என்று பொருள். அல்லது வெள்ளைக் கோட்டுப் போட்ட, ஆனால் நர்சு அல்லாத ஒரு பெண் நிற்கிறாள் என்று பொருள்.

அந்தப் பெண்ணின் மீது நமக்குக் கோபமில்லை. அவள் நம் வீட்டுப் பெண். கரும்பு வெட்டப் போகும் தகப்பனுக்கும் நாற்று நடப் போகும் தாய்க்கும் பிறந்தவள். எங்கும் அங்கீகாரம் இல்லாத ஒரு ஆறு மாதக் கோர்சுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியவள். ஊசி போடச் சொல்கிறார்கள், போடுகிறாள். சலைன் பாட்டில் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றுகிறாள். நர்சுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தில் பாதிக்கும் கீழே இவளுக்குக் கொடுத்து, நோயாளியிடம் மட்டும் முழு ‘நர்சிங் சார்ஜ்’ வாங்கிக் கொள்கிறவன் மீதுதான் நமது கோபம். ஏதாவது விபரீதம் நடந்தால் போலீசில் முதலில் பெயர் கொடுக்கப்படுவதும் இவள்தான்.

இது வெறும் பேச்சு அல்ல. 2021 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் சர்க்கார் ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டில் தீப்பிடித்துப் பதினொரு பேருக்கு மேல் மாண்டார்கள். கைதானவர்கள் யார்? கட்டடம் கட்டியவரா, மின்சாரம் பார்த்தவரா? ஒரு இளம் டாக்டரும் மூன்று நர்சுகளும்!

பெரிய ஆஸ்பத்திரி என்றால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கல்கத்தாவை நினைத்துப் பார்க்கட்டும். 2011 டிசம்பர் 9 அதிகாலை, கோடீசுவரக் கம்பெனிகள் நடத்திய ஆம்ரி ஆஸ்பத்திரியில் நிலவறையில் தீ மூண்டது. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் சாமான்களை அடைத்து வைத்திருந்தார்கள். புகை மேலே ஏறி, படுக்கையில் கிடந்தவர்கள் மூச்சு முட்டிச் சுமார் 90 பேர் இறந்தார்கள். பக்கத்துக் குடிசைப் பகுதி ஏழை ஜனங்கள்தான் முதலில் புகையைக் கண்டு ஓடி வந்தார்கள். காவலாளிகள் அவர்களை உள்ளே விடாமல் விரட்டினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே, கேரளத்திலிருந்து பிழைக்க வந்த இரண்டு இளம் நர்சுகள் பெண்கள் வார்டிலிருந்து எட்டு நோயாளிகளைக் காப்பாற்றினார்கள். ஒன்பதாவது நோயாளியைக் காப்பாற்ற முயன்று புகையில் உயிர் விட்டார்கள். இரண்டு பேருக்குப் பதில் ஆறு பேர் அந்த வார்டில் இருந்திருந்தால்? கம்பெனியின் கணக்கப்பிள்ளை இந்தக் கணக்கைப் போடவே மாட்டான்.

டில்லியில், 2024 மே 25 இரவு, விவேக் விகாரில் பச்சிளம் குழந்தைகளுக்கான ஒரு நர்சிங் ஹோம் எரிந்தது. ஐந்து படுக்கைக்குத்தான் உரிமம். இருந்தவை 12 குழந்தைகள். அந்த உரிமமும் மார்ச் 31-லேயே காலாவதி. பொறுப்பில் இருந்த டாக்டரோ குழந்தை வைத்தியம் படித்தவர் அல்ல, ஆயுர்வேதப் பட்டம் பெற்றவர் என்று போலீசார் சொன்னார்கள். பாதிக்குக் குறையாமல் குழந்தைகள் போய்விட்டன. 1953-ம் வருஷத்துச் சட்டம் அமலில் இருந்த ஊர் அது! அதே 2024 டிசம்பரில் நம் திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்து, ஒரு சிறு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டில் சிக்கி மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்கினார்கள். தீ என்றால் மாடிப்படியில் இறங்கு, லிஃப்டில் ஏறாதே என்று நோயாளியின் கையைப் பிடித்து அழைத்துப் போகப் பழகிய சிப்பந்தி ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு இரவும் வேண்டாமா?

இனி நிர்வாகத்தார் வாதத்துக்கு வருவோம். “சின்ன நர்சிங் ஹோம் தாங்காது, கட்டாயப்படுத்தினால் மூடிவிடுவோம், அப்புறம் கார்ப்பரேட்காரன்தான் ஊருக்குள் வருவான்” என்கிறார்கள். இதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, மறைப்பானேன்? தாலுகா ஊரில் நாணயமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். இத்தனை அடி தாழ்வாரம், இத்தனை அடி அறை என்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போட்ட அளவை அப்படியே அவர் தலையில் வைத்தால் அவர் நொடிந்துதான் போவார். கட்டடத்தில் அவர் சலுகை கேட்கட்டும், நாமும் கூடச் சேர்ந்து கேட்போம். ஆளில் சலுகை கேட்கக் கூடாது.

தாங்காது என்கிறார்களே, அதையும் கணக்குப் பார்ப்போம். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவின் பேரில் மத்திய சர்க்கார் ஜகதீஷ் பிரசாத் தலைமையில் ஒரு கமிட்டி வைத்தது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் கமிட்டி சொன்னது. 50 முதல் 100 படுக்கை என்றால் சர்க்கார் நர்சின் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் குறையக் கூடாது. 100-க்கு மேல் என்றால் பத்தில் ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது. 200-க்கு மேல் என்றால் சமமாகவே கொடுக்க வேண்டும். நமது 20 படுக்கை இல்லத்துக்கு வருவோம். 9 நர்சு, ஆளுக்கு 20,000, மாதம் 1,80,000 ரூபாய். இருபது படுக்கையை முப்பது நாளால் பெருக்கினால் 600. படுக்கைக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய்! பாதிப் படுக்கை காலியாகக் கிடந்தாலும் 600 ரூபாய். உங்கள் வீட்டில் யாராவது நர்சிங் ஹோமில் படுத்திருந்தால் அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள். படுக்கை வாடகை எவ்வளவு, நர்சிங் சார்ஜ் எவ்வளவு, கையுறைக்கும் பஞ்சுக்கும் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று பாருங்கள். தாங்காதது யாருக்கு என்று தெரியும்.

“நர்சு கிடைக்கவில்லையே!” என்பது அடுத்த ஒப்பாரி. வருஷா வருஷம் நர்சிங் பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறார்களே, அவர்கள் எல்லாம் எங்கே? வளைகுடா நாட்டிலும் சீமையிலும் இருக்கிறார்கள். இங்கே கடையில் துணி மடிக்கிறார்கள். கிடைக்காதது ஆள் அல்ல, சம்பளம்.

கொடுக்க வைக்க முடியும் என்று கேரள நர்சுகள் காட்டினார்கள். 2011-ம் 2012-ம் வருஷங்களில் தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் பிடித்து வைத்திருந்த சான்றிதழ்களைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். விதையை அடகு பிடிக்கும் மிராசுதார்போல, படித்த சான்றிதழை அடகாக வைத்து ஆளைக் கட்டிப் போட்டிருந்தார்கள் ஆஸ்பத்திரி முதலாளிகள். 2018 ஏப்ரலில், திருவனந்தபுரத்துக்கு நடந்தே போவது என்று நர்சுகள் கிளம்பத் தயாரான சமயத்தில் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பள அறிவிப்பு வெளியாயிற்று.

இங்கே சர்க்காரே வழி காட்டிய லட்சணம் என்ன? 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற வாக்கைக் காற்றில் விட்டார்கள். 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் சம்பளம் ஏறியது. அது போராடி வாங்கியது. சர்க்காரே 7,700 கொடுக்கிறபோது தனியார்க்காரன் 5,000 கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்த மாட்டானா?

மில் தொழிலாளிக்கு இதில் நேரடிப் பாத்தியதை இருக்கிறது. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள், முதலாளி பங்கு மூன்றேகால். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் முடியாதென்றால் ஒப்பந்தம் செய்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அந்தப் பணத்திலிருந்து பில் கட்டுகிறார்கள். விவசாயத் தொழிலாளிக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டுவதும் ஜனங்கள் பணம்தான். காசு கொடுக்கிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. நர்சுகளின் ஷிப்ட் பட்டியல் பெயரோடும் கவுன்சில் பதிவு எண்ணோடும் வாசலில் தொங்க வேண்டும். சான்றிதழ் தொங்கும் அதே சுவரில், நோயாளியின் சொந்தக்காரர் படிக்கும் உயரத்தில் தொங்க வேண்டும். சம்பளம் பாங்க் வழியாகப் போக வேண்டும். அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகாமல், சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ஒரு மணிக்கு வர வேண்டும். பட்டியலில் உள்ள ஆள் வார்டில் இல்லையென்றால் அந்த மாதத்து இ.எஸ்.ஐ. பில்லும் காப்பீட்டுப் பில்லும் நிற்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் செய்த ஆஸ்பத்திரிகளின் பட்டியல் உங்கள் கிளை அலுவலகத்தில் கிடைக்கும். சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை படுக்கை, பதிவு பெற்ற நர்சுகள் எத்தனை பேர், ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்து மூலம் பதில் கேளுங்கள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்கு முன்னால் அந்தப் பதிலோடு, அங்கே வேலை செய்யும் நர்சுகளையும் கூட அழைத்துக் கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள்.