மக்கும் என்றால் எங்கே மக்கும்?

கொல்கத்தாவாசிகளான நமக்குச் சணலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1855-இல் ரிஷ்ராவில் முதல் ஆலை ஏற்பட்டதிலிருந்து ஹூக்ளிக் கரையே சணலால் பிழைத்த கரை. இன்று சாக்கு நெய்வதோடு நில்லாமல், சணல் நாரைப் பிசினில் தோய்த்து அழுத்திப் பலகையும் கதவும் செய்கிறார்கள். கண்ணாடி இழையின் அடர்த்தி சுமார் 2.5, சணலுக்கு 1.4 அளவுதான். எடை குறைகிறது, விவசாயிக்கும் வருமானம். வரவேற்க வேண்டிய விஷயமே.

ஆனால், "இயற்கை நார், ஆகவே மக்கிவிடும்" என்று சொல்லி விற்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கான்கிரீட்டுக்குக் கம்பி எப்படியோ, அப்படித்தான் இதற்கு நார். மக்குமா என்பதைத் தீர்மானிப்பது பிசின். பாலியெஸ்டர், எபாக்ஸி போன்ற பிசின்களில் தோய்த்த நாரை மண்ணில் புதைத்தாலும் அது உரமாகாது.

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் டிராபன்ட் கார்கள் தயாராயின. அவற்றின் மேல்தகடுகள் பஞ்சுக் கழிவைப் பீனால் பிசினோடு அழுத்திச் செய்தவை. துருப் பிடிக்கவில்லை, மக்கவும் இல்லை. ஜெர்மனி ஒன்றான பிறகு, கழித்துப் போட்ட கார்களின் கூடுகளை என்ன செய்வதென்று திண்டாடினார்கள்.

சோளத்திலிருந்து பெறும் பி.எல்.ஏ. பிசின் மக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் உள்ள உர ஆலை வேண்டும். நம் தெருச் சாக்கடையில் விழுந்தால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ரயில்வேயில் உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ரயில் பெட்டியில் பொருத்தும் பலகை 25 வருஷம் தாங்க வேண்டும். அது மக்கவே கூடாது. அரை மணி நேரத்தில் எறியும் தட்டோ மக்கியே தீர வேண்டும். இரண்டுக்கும் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று ஒரே முத்திரை குத்துவது ஏமாற்று வேலை.

2022 ஜூலை 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டிகளுக்கு நாடெங்கும் தடை. அதற்குப் பதிலாக "மக்கும் பிளாஸ்டிக்" என்று யாராவது நீட்டினால், ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரச் சான்று இருக்கிறதா, எங்கே போட்டால் மக்கும் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

நமது சங்க விருந்துகளுக்கு வாழை இலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், ஈர்க்குச்சியால் தைத்த சால் இலைத் தட்டு இந்த ஊரில் எப்போதும் உண்டு. அதற்குப் பிசினும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். நிர்வாகக் குழுவினர் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.