கேட்டால் விளங்கும் பிள்ளை

வாயாற் சொல்லிக் கொடுத்தால் உடனே விளங்கிக்கொள்வான். புத்தகத்தைக் கையிற் கொடுத்தாற் திணறுவான். இத்தகைய பிள்ளையை ‘மொக்கு’ என்று ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம்.

1896ஆம் ஆண்டிலே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர் இப்படிப்பட்ட 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அவனுக்குக் கண்ணிற் குறையில்லை, கணக்குச் சிரமமில்லை. ஆனால், தன் பெயரையே பிழையாக எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் பாடசாலையில் முதல்வன் இவனே என்றாராம் அவனுக்குக் கற்பித்த ஆசிரியர்.

அவ்வாசிரியர் எண்ணியதை இன்று கணினி நடத்திக் காட்டுகிறது. அச்செழுத்தை உரக்க வாசிக்கும் யந்திரத்தை அமெரிக்கரான ரே கேர்ஸ்வைல் 1976இல் பார்வையற்றோருக்காக வெளியிட்டார். மேசையை அடைத்த அந்த யந்திரத்தின் வேலையை இன்று கைத்தொலைபேசியே செய்கிறது; தமிழையும் வாசிக்கிறது. (அதன் ழகரம் நம் செவியை உறுத்துவது வேறு கதை.) வாசிக்கும் சொல்லைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் மென்பொருள்களும் உள. கண்ணும் காதும் ஒரே சொல்லிற் கூடுவதால், இவற்றையே நாம் சிறந்தனவாகக் கருதுகிறோம்.

யந்திரம் வாசித்தாற் பிள்ளை சோம்பேறியாவான் எனப் பெற்றோர் அஞ்சுவர். மூக்குக்கண்ணாடி அணிந்தவனை நாம் சோம்பேறி என்பதில்லையே! எழுத்துக்கூட்டும் பயிற்சி நாள்தோறும் வேண்டியதுதான். அதற்கு யந்திரம் ஈடாகாது. ஆனால் அப்பயிற்சி முடியும்வரை சரித்திரமும் விஞ்ஞானமும் அவனுக்கு எட்டாதிருக்க வேண்டுமா? இன்றிரவே ஒரு பாடத்தை அவன் கேட்கட்டும். பின்னர் வாயால் வினவிப் பாருங்கள்.