எரிந்த காயிலுக்கு யார் பொறுப்பு?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. வீடு, படகு, வாழை, ஆடுமாடு என்று இழப்புகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தண்ணீர் வடிந்தபின் ஊர் ஊராக, மோட்டாருக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் கடை வாசலில் குவிந்த மோட்டார்களைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவை ஓடினால்தான் வீட்டுத் தொட்டி நிறையும், வாழைக்குத் தண்ணீர் பாயும், உப்பளத்தில் வேலை தொடங்கும்.

உப்பளத்தை முதலில் சொல்ல வேண்டும். தூத்துக்குடி வட்டாரத்தில் சுமார் 25,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. வேப்பலோடை, தருவைக்குளம் பக்கமெல்லாம் நிலத்தடியில் கிடக்கும் உவர்நீரைப் போர் போட்டு, மோட்டார் வைத்து இறைத்துத்தான் பாத்திக்கு விடுகிறார்கள். அங்கே மோட்டார் நின்றால் பாத்தி காயும். பாத்தி காய்ந்தால் அன்றாடக் கூலிக்கு வரும் பெண்களுக்கு அன்று வேலை இல்லை. மழைக்காலம் முழுக்க வருமானமின்றிக் கிடந்தவர்களுக்குச் சீசன் தொடங்கும் நேரத்தில் விழும் அடி இது.

உப்புத் தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை வெயிலில் காயவைத்து ஸ்விட்சைப் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். மோட்டாரைக் கொல்வதும் அதுதான். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு காயிலின் இடுக்கிலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதுபோல, அந்த உப்பு கடல்காற்றின் ஈரத்தை ராத்திரியில் இழுத்துக்கொள்ளும். இன்சுலேஷனில் எங்கே மெல்லிய கீறல் இருக்கிறதோ, அங்கே மின்சாரம் கசிந்து பாடிக்கு வரும். ஒன்று காயில் எரியும், அல்லது தொட்டவரை அடிக்கும்.

செய்ய வேண்டியது கடினமான வேலை இல்லை. மோட்டாரைப் பிரித்து நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். பிறகு சூட்டடுப்பில் 90 டிகிரி அளவில் மணிக்கணக்கில் உலர்த்தி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. தேறினால் வார்னிஷ் ஊற்றி மறுபடி சூட்டில் வைத்து, பேரிங் மாற்றி ஓட்டலாம். பழைய கம்பியை வெட்டி எறிந்து புதுச் செம்புக் கம்பி சுற்றும் செலவு பல மோட்டார்களுக்கு மிச்சமாகும். ஆனால் சூட்டடுப்பு எத்தனை சிறு கடைகளில் இருக்கிறது? பல்பைப் போட்டுச் சூடேற்றுகிறார்கள். எரிந்த காயிலைப் பிரிக்கத் தீ மூட்டுகிறார்கள். கட்டுப்பாடில்லாத அந்தத் தீயில் ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு கருகிப்போகிறது. பிறகு எவ்வளவு அழகாகக் காயில் கட்டினாலும் மோட்டார் சூடேறும், மின்கட்டணம் கூடும். 2003-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு, முறையாக ரீவைண்டிங் செய்த மோட்டாரின் திறன் குறைவதில்லை என்று காட்டியிருக்கிறது. ஆகவே குறை கைவேலையில் இல்லை, அதற்கான வசதியில்தான் இருக்கிறது.

வெள்ளம் எப்போதோ வருவது. அன்றாடம் மோட்டாரை எரிப்பவை இரண்டு: லோ வோல்டேஜ், ஒரு பேஸ் போவது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் மோட்டாரின் இழுவை ஏறத்தாழ 19 சதவீதம் குறையும். அதே சுமையைத் தூக்க அது கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மிச்சமுள்ள கம்பிகளில் மின்னோட்டம் சுமார் 1.7 மடங்காகும். உப்புக்காற்றில் அரித்த கம்பி, தளர்ந்த ஜம்பர், கருகிய ப்யூஸ் என்று கடலோரத்தில் இதற்குக் காரணம் நிறைய. மோட்டாரைக் காக்கும் ரிலே அடிக்கடி விழுகிறதே என்று அதை முறுக்கிக் கூட்டி வைப்பது உரிமையாளரின் தவறு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

காயில் கட்டுபவர் மோட்டாரைத் திறந்ததுமே காரணத்தைப் படித்துவிடுவார். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதிதுபோல் இருந்தால் ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் ஒன்று மட்டும் கருகி, இரண்டு தப்பியிருக்கும். மூன்றும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் லோ வோல்டேஜ், இல்லையேல் அதிகச் சுமை. இவ்வளவு தெளிவான சாட்சியம் தினமும் குப்பையில் வெட்டி எறியப்படுகிறது. செலவு உரிமையாளருக்கு, பழி காயில் கட்டியவருக்கு. எந்த லைனில் எத்தனை மோட்டார் எரிந்தது என்ற கணக்கு எவரிடமும் சேர்வதில்லை.

அந்தக் கணக்குக்கு மதிப்புக் கொடுங்கள் என்பதே என் முதல் கோரிக்கை. மோட்டாரின் குதிரைத்திறன், மின் இணைப்பு எண், எந்தப் பேஸ் கருகியது, ஒரு புகைப்படம் ஆகியவை அடங்கிய ஒற்றைப் பக்கப் படிவத்தைக் கடைக்காரர் எழுதித் தரட்டும். அதை மின்பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகமும் மின்நுகர்வோர் குறைதீர் மன்றமும் ஆதாரமாக ஏற்க வேண்டும். வோல்டேஜ் புகாரை இத்தனை காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. ஒரே டிரான்ஸ்பார்மரில் அடுத்தடுத்து இதே மாதிரி மோட்டார் எரிந்தால், பழுது எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது, பொதுவான சூட்டடுப்பும் மெகரும் வார்னிஷ் தொட்டியும் கொண்ட ஒரு மையம். அதற்குக் கோரம்பள்ளம் அரசு ஐ.டி.ஐ. பொருத்தமான இடம். கடைக்காரர் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்தலாம், மாணவர்களுக்கு அதுவே பயிற்சி. அதற்கான பணத்துக்கு வ.உ.சி. துறைமுகத்தின் கதவைத் தட்டலாம். 2021-ஆம் ஆண்டுப் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிட வழி தருகிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு வயர்மேன் வேலை பார்த்தவரின் அனுபவத்துக்குச் சான்று தருகிறது. வார்னிஷ் வாடையில் ஆண்டுக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து காயில் கட்டும் தொழிலாளிக்கும் அதே மையத்தில் அப்படியொரு தேர்வு நடத்த வேண்டும்.

வெள்ள நிவாரணத்தில் படகுக்கும் வலைக்கும் தொகை வகுத்திருக்கிறார்கள். மோட்டாருக்கும் ஒரு வரி சேருங்கள். கழுவி உலர்த்தும் செலவாவது அதில் கிடைக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மாவட்ட நிர்வாகம் அதற்குமுன் இந்த மையத்தைத் திறந்து, மூழ்கிய மோட்டாரை எங்கே கொண்டுபோவது என்பதை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும்.