உச்சிக்குடும்பன் ரிட்டர்ன்ஸ்!



கல்ச்சுரல்ஸ்னு சொன்னாலே மிமிக்ரி, மைம், ஆட்ஜாப்னு காமெடிக்குத்தான் கூட்டம் அள்ளும். தாம்பரம் தொடங்கி செங்கல்பட்டு வரைக்கும் எந்த காலேஜ் மேடையா இருந்தாலும் இதே கதைதான். ஆனா நம்ம மண்ணோட சீனியர் காமெடி ஜோடி ஒண்ணு, சான்ஸ் கிடைக்காம பெட்டிக்குள்ள படுத்துக் கிடக்கு. கவுண்டமணி - செந்திலான்னு கேட்காதீங்க. அவங்களுக்கும் முந்தி!

பேரு உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். தோல்பாவைக்கூத்தோட கோமாளிகள். ஊருக்கு ஊர் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். ஆட்டுத்தோல்ல வெட்டி, சாயம் பூசி, வெள்ளைத் திரைக்குப் பின்னால விளக்கு வெச்சு ஆட்டுவாங்க. ராமன், சீதை, ராவணன்னு அத்தனை பேருக்கும் ஒரே ஆள்தான் குரல். டப்பிங் ஆர்ட்டிஸ்டுகளே கும்பிடணும்!

கன்னியாகுமரி மாவட்டம் பக்கம் இந்தக் கூத்தை நடத்தினவங்க மண்டிகர் சமூகத்துக்காரங்க. பேருக்குப் பின்னாடி ராவ்னு இருக்கும். வீட்டுல மராத்தி, திரையில சுத்தமான நாஞ்சில் நாட்டுத் தமிழ். அந்தப் பக்கத்து ஆய்வாளர் அ.கா.பெருமாள் இவங்களைப் பத்தி நிறைய எழுதியிருக்கார்.

ராமாயணம் பத்து நாள் ஓடும். கதை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எதுக்குக் கூட்டம்? சீரியஸா போயிட்டிருக்கும்போது நம்ம ஜோடி நடுவுல குதிக்கும். விலைவாசி, ஊர் வம்பு, புதுசா வந்த ஃபேஷன்னு எல்லாத்தையும் வாரும். ராமன் பேசுறது பழசு. கோமாளி பேசுறது இன்னிக்குக் காலையில நடந்தது. அவங்கதான் அந்தக் காலத்து லைவ் அப்டேட்!

அதனாலதான் சொல்றேன்... இவங்களைத் திரும்பக் கொண்டுவரணும்னா, கண்ணாடிப் பெட்டியில வெச்சு 'பாரம்பரியம்'னு போர்டு மாட்டினா போதாது. வாயைத் திறந்து விடணும். நாகர்கோவில் பஸ்ல ஏறி நம்ம ஏரியாவுக்கு வந்தா எப்படி இருக்கும்? அடியேனோட சின்ன முயற்சி. இடம்: 2023 டிசம்பர் 30-ல திறந்த கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்.

உளுவத்தலையன்: லேய், மெட்ராஸ் வந்தாச்சுன்னு கண்டக்டர் சொன்னாருல்லா? மெட்ராஸை எங்கலே காணோம்?

உச்சிக்குடும்பன்: அதுக்கு இன்னொரு பஸ் பிடிக்கணுமாம்லே!

உளுவத்தலையன்: இலங்கைக்கே அனுமார் ஒரே தாவுல போனாரே?

உச்சிக்குடும்பன்: அவரு கோயம்பேட்டுல இருந்து கிளம்பியிருப்பாருலே!

எப்பூடி? 2015 வெள்ளத்துல முடிச்சூர்ல படகு ஓடிச்சே, அங்கே குகன் வந்தா யார் யாரை ஏத்துவார், என்ன கேட்பார்? அதை நீங்க எழுதுங்க.

நம்ம ஆளுக்கு வெளியூர்ல சொந்தக்காரங்களும் உண்டு. ஆந்திராவோட தோலுபொம்மலாட்டத்துல ஜுட்டுப்போலிகாடு. 'ஜுட்டு'ன்னா குடுமிதான்! துருக்கியில கராகோஸ், ஹாஜிவாட்னு ஒரு ஜோடி. அதே தோல், அதே விளக்கு, அதே வாய்க்கொழுப்பு. 2009-ல யுனெஸ்கோ பட்டியல்லயே இடம் பிடிச்சுட்டாங்க. படிச்ச ஹாஜிவாட் இலக்கணமா பேச, படிக்காத கராகோஸ் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறதுதான் காமெடியே. நம்ம கிளாஸ்ரூம்ல தினமும் நடக்கிறதுதானே!

ரெண்டு விஷயம் மட்டும் சீரியஸா.

ஒண்ணு, பழைய கூத்துல கொச்சை ஜோக்ஸும் நிறைய இருந்துச்சு. எல்லாத்தையும் அப்படியே தூக்கிட்டு வரணும்னு கட்டாயம் இல்ல. இல்லாதவனைக் கிண்டல் பண்ற ஜோக்கைக் கழட்டி விடுங்க. ராஜாவையே வாருற தைரியத்தை மட்டும் விட்டுடாதீங்க. அது போச்சுன்னா உச்சிக்குடும்பனும் ஒரு தோல் துண்டுதான்.

ரெண்டு, பாவையை அட்டையில யார் வேணா வெட்டலாம். ஒரே தொண்டையில பத்து பேரைப் பேச வைக்கிறது கத்துக்கிட்டாதான் வரும். அதைச் சொல்லித்தர்றவங்க இன்னும் இருக்காங்க. ஆனா விரல்விட்டு எண்ணுற அளவுலதான். அவங்களைக் கூப்பிட்டு, டி.ஜே.வுக்கு முன்னால பத்து நிமிஷம் ஒதுக்கி, பொன்னாடை போர்த்தி, செல்ஃபி எடுத்து அனுப்பிடாதீங்க. பொன்னாடையை வெச்சு அரிசி வாங்க முடியாது பாஸ்! டி.ஜே.வுக்குக் குடுக்கிற மாதிரியே பேசின சம்பளத்தைக் குடுங்க. ஸ்கிரிப்ட் நீங்க எழுதுங்க. ஆட்டம் அவங்க சொல்லித்தரட்டும். திரைக்கு முன்னால இல்ல, பின்னால போய் உட்காருங்க.

இதையெல்லாம் நேர்ல பார்க்கணுமா? வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சா முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா. 1996-ல திறந்த இடம். பாவைக்கூத்தும் நடந்திருக்கு. எப்போ நிகழ்ச்சின்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

பெட்டியைத் திறந்தா போதும். மீதியை அவனே பேசிக்குவான். நமக்கும் அவன்கிட்ட சொல்ல நிறைய இருக்கே!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்... வர்ட்டா!