வீட்டிற்கு முன் பள்ளியைத் தேடுங்கள்



ஆண்டிறுதி நெருங்கும்போது கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி அலுவலகங்களில் ஒரே வகையான கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும். பேராக்கிலிருந்தோ கெடாவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வேலை மாறி வந்த பெற்றோர் ஒருவர், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். “நாங்கள் வீடு எடுத்துவிட்டோம், டீச்சர். எங்கள் தாமானுக்குப் பள்ளி வேன் வருமா?” என்பார்.

கேள்வியில் குற்றமில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது. வாடகை பார்த்தாயிற்று, அறைகளை எண்ணியாயிற்று, நீச்சல் குளம், காவலர் சாவடி, வாகன நிறுத்துமிடம் எல்லாம் பார்த்தாயிற்று. முன்பணம் கட்டி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, லாரியில் சாமான்களையும் இறக்கியாயிற்று. பிள்ளை எங்கே படிக்கும் என்பது மட்டும் கடைசியில் நினைவுக்கு வருகிறது. அப்போது வேன் வரவில்லை என்று தெரிந்தால், பக்கத்தில் எந்தப் பள்ளி இருக்கிறதோ அதில் சேர்த்துவிடுகிறார்கள். தமிழை வேண்டாமென்று அந்தக் குடும்பம் ஒருநாளும் முடிவெடுத்திருக்காது. வாடகை ஒப்பந்தமே அவர்களுக்காக அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

இதைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன். புறநகரில் வாடகை வீடு தேடும் தமிழ்ப் பெற்றோர் முதலில் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அடுத்து வேலைக்குப் போகும் வழியை, மூன்றாவதாகத்தான் வீட்டை.

நம் முன்னோர்க்கு இந்தக் கவலை இருந்ததில்லை. இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816ஆம் ஆண்டில் பினாங்கில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது. பின்னர் அதைப் பரப்பியது தோட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கொட்டகையோ குடிசையோ, லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளி இருந்தது. வீடு எங்கே இருந்ததோ அங்கே பள்ளி வந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின் அந்த ஏற்பாடு குலைந்தது. மக்கள் ஒரு திசையில் போனார்கள்; பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருந்தன, அல்லது நிலம் கிடைத்த இடத்திற்குப் பெயர்ந்தன. நாட்டில் இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் கணிசமானவை 150 மாணவருக்கும் குறைவான, குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளிகள் என்று வகைப்படுத்தப்பட்டவை. மறுபக்கம், பட்டணத்துப் பள்ளிகள் சிலவற்றில் வகுப்பறை போதவில்லை. பிள்ளைகள் இல்லாமல் போய்விடவில்லை. வீடும் பள்ளியும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன என்பதே உண்மை. அன்று பள்ளி வீட்டைத் தேடி வந்தது. இன்று வீடுதான் பள்ளியைத் தேடிப் போகவேண்டும்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. இன்றைய புறநகர்கள் பலவும் நேற்றைய தோட்டங்களே. பெட்டாலிங் ஜெயாவில் பேரங்காடிக்குப் பெயர்பெற்ற பண்டார் உத்தாமா ஒருகாலத்தில் எபிங்காம் தோட்டம். தோட்டம் மறைந்துவிட்டது, அதன் பெயரைத் தாங்கிய எபிங்காம் தமிழ்ப்பள்ளி அதே பண்டார் உத்தாமாவில் நிற்கிறது. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், சுபாங் ஜெயாவில் சீபீல்டு, பூச்சோங்கில் காசல்பீல்டு என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அடுக்குமாடிகளுக்கு நடுவே இயங்குகின்றன. வீட்டு முகவருக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்கலாம். அவருடைய விளம்பரத்தில் இவை இடம்பெறாமலும் போகலாம். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கு அருகில் குடியிருப்பதால் என்ன வந்துவிடப் போகிறது, வேன்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வகுப்பறையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தொலைவிலிருந்து வேனில் வரும் பிள்ளை விடியுமுன் எழுந்திருக்கும். பல வீடுகளில் ஏறி இறங்கி வரும் வேனில் பாதித் தூக்கத்தோடு பள்ளிக்கு வந்து சேரும். மணியடித்ததும் வேனுக்கு ஓடவேண்டும். பிற்பகலில் நடக்கும் பந்து விளையாட்டு, நடனம், கதை சொல்லும் போட்டிக்கான பயிற்சி, பின்தங்கிய மாணவர்க்கான கூடுதல் வகுப்பு எதுவும் அதற்கு வாய்ப்பதில்லை. திறமை இருந்தும் போட்டிப் பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டுப் போவதற்கு, “அவனுக்கு வேன், டீச்சர்” என்ற ஒரு காரணம் போதுமானதாக இருக்கிறது.

நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். போகவர ஒரு நாளைக்கு 40 நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது, ஆண்டுக்கு 190 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால், அது ஆண்டுக்கு 126 மணிநேரத்திற்கும் மேல். தொடக்கப்பள்ளி ஆறாண்டுக்கும் சேர்த்து 760 மணிநேரம். ஒரு குழந்தை கதைப்புத்தகம் படித்திருக்கக்கூடிய, விளையாடியிருக்கக்கூடிய, தூங்கியிருக்கக்கூடிய நேரம் அது.

பணக்கணக்கும் இதையே சொல்லும். பொதுவாக வாடகை வீட்டிற்கு இரண்டு மாத வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்திற்கு அரை மாத வைப்புத்தொகை, முதல் மாத வாடகை என்று மொத்தம் மூன்றரை மாதப் பணம் முன்கூட்டியே கட்டவேண்டும். 1,200 வெள்ளி வாடகை என்றால் 4,200 வெள்ளி. 1,400 வெள்ளி வாடகை என்றால் 4,900 வெள்ளி. மாதம் 200 வெள்ளி மிச்சம் என்று தொலைவான வீட்டை எடுக்கிறோம். இரு பிள்ளைகளுக்கான வேன் கட்டணமும், வேன் வராத நாளில் அரைநாள் விடுப்பும், மழைநாளில் எரிபொருளும் அந்த 200 வெள்ளியை விழுங்கிவிடுகின்றன. ஓராண்டில் தாங்கமுடியாமல் மீண்டும் வீடு மாறினால், பழைய வைப்புத்தொகை கைக்கு வருமுன்பே புதிய வீட்டிற்கு மறுபடியும் மூன்றரை மாதப் பணம் புரட்டவேண்டும். லாரிக் கூலி தனி. பிள்ளைக்கோ புதிய வகுப்பு, புதிய நண்பர்கள், பாதியில் விட்ட பாடம்.

அப்படியானால் எப்படித் தேடுவது?

முதலில் வரைபடத்தை விரித்து வேலையிடத்தைக் குறியுங்கள். அடுத்து, அங்கே போய்வரக்கூடிய தொலைவிலுள்ள தமிழ்ப்பள்ளிகளைக் குறியுங்கள். அவற்றுள் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு நேரில் சென்று, இடம் இருக்கிறதா, பாலர் வகுப்பு உண்டா, பிற்பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையம் அருகில் உள்ளதா என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டதோடு நில்லாமல், வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார்களிடமும் கேளுங்கள். எந்த அடுக்குமாடியில் மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது, எந்த வீட்டுக்காரர் வைப்புத்தொகையைத் திருப்பித் தருவார் என்பதெல்லாம் முகவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாம் ஆண்டுப் பதிவு இணையத்தின்வழி வெகு முன்னதாகவே நடைபெறுகிறது. ஆகவே வீட்டைப் பற்றிய முடிவையும் அதற்கேற்ப முன்கூட்டியே எடுப்பது நல்லது.

இரண்டாவது, வேலைக்குப் போகும் வழி. கொமுட்டர் இரயில் 1995 முதல் ஓடுகிறது. கிள்ளான், ரவாங், காஜாங் ஆகிய ஊர்களைத் தலைநகரோடு இணைக்கிறது. 2016இல் எல்.ஆர்.டி. தடங்கள் பூச்சோங், சுபாங் ஜெயா வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டன. காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017இல் முழுமையடைந்தது. புத்ராஜெயா தடம் 2023இல் முழுமையடைந்தது. முன்பு காரில்லாமல் குடியிருக்க முடியாத இடங்கள் பல இன்று அப்படியில்லை. பெரியவர்கள் இரயிலில் போகலாம். ஏழு வயதுப் பிள்ளையால் முடியாது. ஆகவே தொலைவை யார் சுமப்பது என்ற கேள்வி வந்தால், பெற்றோர் சுமக்கட்டும். பிள்ளை நடந்துபோகும் தொலைவில் படிக்கட்டும்.

மூன்றாவதாக வீடு. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வேலைநாளில் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மாலை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூச்சோங் நெடுஞ்சாலையின் நெரிசல் அப்போதுதான் தெரியும். வெள்ளம் ஏறுமா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. நீச்சல் குளத்தைக் கடைசியாகப் பாருங்கள், பார்க்காவிட்டாலும் குறையில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவேன். “இந்தியர் என்றதும் வீடு இல்லை என்கிறார்கள், கிடைத்த இடத்தில் குடியேறுவதே பெரும்பாடு. இதில் பள்ளியைப் பார்த்துத் தேடச் சொல்கிறீர்களே” என்பது முதல் மறுப்பு. அது கசப்பான உண்மை. இன்ன இனத்தவர்க்கு மட்டும் என்று விளம்பரத்திலேயே எழுதும் வழக்கம் இந்நாட்டில் இருந்துவருவது நாம் அறிந்ததே. அதைக் கண்டிக்க வேண்டும். தொடர்ந்து பேசவும் வேண்டும். அதற்காகவே சொல்கிறேன், பள்ளியை முன்வைத்துத் தேடுவது இங்கும் கைகொடுக்கும். தமிழ்ப்பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளில் நம்மவர்களும் வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கோயிலிலும் ஒரு சொல் சொல்லி வைத்தால், விளம்பரத்திற்கு வராத வீடும் கண்ணில் படும். தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் துண்டிக்கும் முகவரை நம்பியிருப்பதைவிட இது மேலான வழி.

“வீட்டருகே தேசியப் பள்ளி இருக்கிறது, தமிழை அங்கேயும் படிக்கலாமே” என்பது இரண்டாவது. படிக்கலாம்தான். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழி செய்கிறது. அந்தப் பதினைந்து பேரைத் திரட்டுவோரை நான் மதிக்கிறேன். ஆயினும் வாரத்தில் சில பாடவேளை தமிழ் படிப்பது வேறு. கணிதத்தையும் வரலாற்றையும் விளையாட்டுத் திடலின் சண்டையையும் தமிழில் வாழ்வது வேறு. தெரிந்தே தேசியப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரோடு எனக்கு வழக்கில்லை. அது அவர்களின் உரிமை. தேர்ந்தெடுக்காமலே அங்குப் போய்ச் சேரும் குடும்பங்களைப் பற்றித்தான் என் கவலை.

“பள்ளிக்கு அருகில் வாடகை அதிகம்” என்பது மூன்றாவது. சில இடங்களில் அது மெய். பண்டார் உத்தாமாவில் எல்லாராலும் வாடகை கொடுக்க முடியாது. ஆனால் கிள்ளானும் ரவாங்கும் காஜாங்கும் அப்படியல்ல. ஓர் அறை குறைந்தாலும் பள்ளிக்கு அருகிலிருக்கும் பழைய அடுக்குமாடி வீடு, தொலைவிலிருக்கும் பளபளப்பான புதிய வீட்டைவிட ஒரு மாணவனுக்குப் பெரிய வீடு என்பேன்.

பெற்றோர்க்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதும் முறையன்று. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன்னைச் சுற்றிலும் நடந்துவரும் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளின் பட்டியலையும், வேன் ஓட்டுநர்களின் தடங்களையும், பிற்பகல் பராமரிப்பு மையங்களின் விவரத்தையும் ஒரே ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய வேலை இது. புதிதாக ஊருக்கு வருபவர் கேட்டால் அந்தத் தாளைக் கொடுக்கலாம். வாடகைக்கு வீடு விடும் தமிழர்கள், காலியானதும் முதலில் பள்ளிக்கு ஒரு சொல் சொல்லலாம்.

மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஆண்டுதோறும் மேடையில் பேசுகிறோம். அந்த எண்ணிக்கை ஒவ்வொரு வீடாகத்தான் குறைகிறது. ஒவ்வொரு வீடாகத்தான் கூடவும் முடியும். இடம் மாறவிருக்கும் உறவினரோ நண்பரோ உங்களுக்கு இருந்தால், அவர் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள். கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை.