அழகும் தாங்கும் திறனும்

திருமண அழைப்பிதழையும் அதற்கான உறையையும் இல்லத்து லேசர் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டுக்கொள்ளும் காலம் இது. ஆயினும் கடையில் நாம் தாளின் பளபளப்பையே நோக்குகிறோம். அது எதைத் தாங்கவேண்டும் என எண்ணுவதில்லை.

இவ்வியந்திரத்தில் திரவ மை இல்லை. டோனர் என்னும் நுண்பொடியை, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உருளை உருக்கித் தாளில் பதிக்கிறது. ஆகவே, இங்க்ஜெட்டுக்கெனப் பூச்சிட்ட பளபளப்புத் தாள் உருகி அவ்வுருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும். பிளாஸ்டிக் சன்னல் உள்ள உறை, உரித்து ஒட்டும் உறை, உலோகக் கொக்கியுள்ள உறை ஆகியவற்றையும் விலக்குவோமாக. லேசருக்கு உரியது எனக் குறிக்கப்பட்டவற்றையே வாங்குவோமாக.

வழக்கமான தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடையுள்ளது. அட்டை அதனினும் கனமாயின், அச்சுப்பொறியின் கையேட்டில் எடை வரம்பைக் கண்டு, கனத்த தாளுக்குரிய அமைப்பைத் தெரிவு செய்தல் வேண்டும். ஈரம் ஏறிய தாள் சுருண்டு சிக்கும். கட்டினை மூடியே வைத்தல் நலம்.

நூறு உறைகளை வாங்குமுன் ஒன்றை அச்சிட்டுப் பார்ப்பதே சிக்கனம். உருளை பழுதுற்றால் ஆகும் செலவு உறைகளின் விலையை விஞ்சிவிடும். அழகு கண்ணுக்கு உடனே தெரியும். தாங்கும் திறனோ வெப்பத்தில்தான் விளங்கும். இது தாளுக்கு மட்டும் உரிய உண்மை அன்று.