கோகோவுக்கு வாழைக் கணக்கு உதவாது

திசு வளர்ப்பு வாழையில் நல்ல பலன் கண்டதிலிருந்து, எந்தக் கன்றானாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது என்றால் விவசாயிகளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்துவிடுகிறது. வாழையில் அது நியாயமே. ஒரே தாய்மரத்துக் கன்றுகள் ஒன்றுபோல் வளர்ந்து, ஏறத்தாழ ஒரே சமயத்தில் குலை தள்ளுகின்றன. இதே கணக்கைக் கோகோவில் போடுவது ஆபத்து.

வாழை காய்க்க மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. கோகோவுக்குத் தேவை. தண்டிலும் கிளையிலும் நேராகப் பூக்கும் சிறு பூக்களுக்குக் கொசுவைப் போன்ற மிகச் சிறிய பூச்சிகள் மகரந்தம் கொண்டுவந்தால்தான் காய் பிடிக்கும். அதிலும் பெரும்பாலான கோகோ மரங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரு தாய்மரத்துத் திசுவிலிருந்து வந்த கன்றுகள் ஆயிரம் இருந்தாலும் மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரந்தான். அந்தத் தாய் தன் மகரந்தத்தை ஏற்காத வகையாக இருந்துவிட்டால், தோப்பு முழுவதும் பூத்துக் கொட்டும், காய் இராது. மூன்று வருஷம் தண்ணீர் பாய்ச்சிய பின் இது தெரியவந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

கோகோவில் திசு வளர்ப்பு முடியாத காரியமல்ல. குருத்தை எடுத்து வாழையைப் போலப் பெருக்க முயன்றால் திசு எளிதில் கறுத்துப் போகிறது. அதனால் பூமொட்டின் பாகங்களிலிருந்து கருக்களை உண்டாக்கிக் கன்றாக்குகிறார்கள். விதைக்கன்றைப் போல நிமிர்ந்து வளர்வது இதன் சிறப்பு. இந்தோனேசியா 2009-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில், ஜெம்பர் ஆய்வு நிலையம் தயாரித்த இத்தகைய கன்றுகளை ஏராளமாக வழங்கியது. ஆனாலும் அங்கே ஒட்டுக் கட்டும் பழக்கம் நின்றுபோகவில்லை.

நம் சிறு விவசாயிக்கும் ஒட்டுக்கன்றே போதும். கர்நாடகத்தின் விட்டலில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும், கேரள வேளாண் பல்கலைக்கழகமும் தேர்ந்தெடுத்த வகைகளை ஒட்டு மூலம் பெருக்கி வருகின்றன. பல வகைத் தாய்மரங்களைக் கலந்து நட்ட விதைத்தோட்டத்து நாற்றும் நல்லதே; விலையும் குறைவு. ஒட்டில் ஒரு தொல்லை உண்டு. பக்கக் கிளையிலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி படர்ந்தே வளரும். முதல் இரண்டு ஆண்டுகள் கவாத்து செய்து மரத்தை உருவாக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் நாற்றே நடட்டும்.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் ஒருவர் கோகோ வைக்க நினைத்தால், கன்றுக்கு முன்னால் இடத்தைப் பார்க்க வேண்டும். ஏரிப்பாசன நெல் வயல் இதற்கு உதவாது; வேரில் தண்ணீர் தேங்கினால் கோகோ தாங்காது. வடிகால் உள்ள தென்னந்தோப்பு இருந்தால் யோசிக்கலாம். அங்கும் கோடையில் மரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏரி வற்றும் மாதங்களில் கிணறு கைகொடுக்குமா என்பதை அவரே அறிவார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பின் குளிர்ச்சியைக் கண்டுவிட்டு வந்து, இங்கே கத்திரி வெயிலில் இளங்கன்றை நிறுத்துவது வீண் செலவு.

விலையையும் நம்பிவிடலாகாது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது கேரளத்தில் பலர் கோகோவை வெட்டியே எறிந்தார்கள். 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டிய விலை, 2025-இல் வெகுவாக இறங்கியது. ஆகவே தென்னைக்கு நடுவே ஊடுபயிராக, அதுவும் முதலில் ஐம்பது கன்றுகளோடு தொடங்குவதே சரி.

கன்று வாங்கப் போகிறவர் விற்பவரிடம், இவை எத்தனை தாய்மர வகைகளிலிருந்து எடுத்தவை என்று கேட்க வேண்டும். நாலைந்து வகைகளின் பெயரைச் சொன்னால் கலந்து வாங்கி, வரிசைக்கு வரிசை மாற்றி நடலாம். "எல்லாம் ஒரே வகை, ஒன்றுபோல் காய்க்கும்" என்று அவர் சொன்னால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட வேண்டும்.